ராகி அறுத்த செம்மண்ணில் சம்பா கோதுமை: விதைப்பு நாள், தண்ணீர், உமி நீக்கம்

மாரண்டஅள்ளி மேட்டுக்காடு கேட்டது:

வணக்கம். பாலக்கோடு வட்டத்தில் 1 ஏக்கர் செம்மண் நிலம். ஐப்பசி முதல் வாரத்தில் ராகி அறுவடை முடிந்துவிடும். கிணற்றுத் தண்ணீர் தை கடைசி வரை தாராளம், மாசியில் இறங்கிவிடும். வழக்கமாக இதன் பின்னால் கொள்ளு வரும், இல்லாவிட்டால் தக்காளி. இந்தப் பட்டத்துக்குச் சம்பா கோதுமை போடலாமா என்று யோசனை.

ஓசூர், தளி பக்கம் குளிர் உண்டு, கோதுமை வரும் என்கிறார்கள். பாலக்கோட்டு வெயிலுக்கு மணி பிடிக்குமா? எந்த ரகம், எந்தத் தேதி? தக்காளிக்குப் போட்ட சொட்டுநீர்க் குழாயே போதுமா? அறுத்த பிறகு உமி நீக்குவதற்கு நம் பக்கத்தில் என்ன வழி? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

தளி ரோடு எழுதியது:

வணக்கம்ங்க. முதலில் தேதி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கோதுமைக்குப் பகல் வெயில் இரண்டு கட்டத்தில் கெடுதல். முளைத்துத் தூர் (பக்கத் தண்டு) கட்டும்போது சூடு இருந்தால் தூர் குறையும். பால் பிடித்து மணி முற்றும்போது 32 டிகிரியைத் தாண்டினால் மணி நிரம்பாமல் சூம்பிப் போகும். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், அங்கே இந்த இரண்டுக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது. பாலக்கோடு அதைவிட நன்றாகத் தாழ்வு. அதனால் உங்களுக்கு மார்கழியும் தையும்தான் மூலதனம். பூப்பு மார்கழி கடைசியில் வர வேண்டும், மணி தையிலேயே முற்ற வேண்டும். 100 நாள் ரகம் என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் விதைப்பு நவம்பர் 1 முதல் 15க்குள் விழுகிறது. ராகி முன்னால் காலியானாலும் அக்டோபரில் அவசரப்பட வேண்டாம். அடைமழையில் செம்மண் இறுகி மேலே ஓடு கட்டும், முளை வெளியே வராது. டிசம்பருக்குத் தள்ளினால் மாசி வெயிலில் மணி பிடிக்கும். கதிர் பார்க்க நன்றாக இருக்கும், அடித்தால் பாதி பதர். தேதி தவறிவிட்டால் கோதுமையை விட்டுவிட்டுக் கொள்ளே போடுங்கள், நஷ்டமில்லை.

ரகம்: சம்பா கோதுமை என்பது உமி ஒட்டிய கப்லி வகை. நீலகிரி வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் தந்த எச்.டபிள்யூ. 1098, தார்வாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் டி.டி.கே. 1025, டி.டி.கே. 1029 மூன்றும் குட்டை ரகம், சாயாது. என்.பி. 200 மாதிரி பழைய ரகங்கள் உயரம் அதிகம், உரம் கொஞ்சம் கூடினாலும் காற்றுக்குப் படுத்துவிடும்.

நிலத் தயாரிப்பில் ஒன்றை விடக்கூடாது. ராகியைத் துளைக்கிற இளஞ்சிவப்புத் தண்டுப்புழுதான் கோதுமையையும் துளைக்கும். ராகித் தட்டையின் அடிக்கட்டையிலேயே அது உட்கார்ந்திருக்கும். அறுவடை முடிந்த கையோடு அடிக்கட்டையைப் புரட்டி உழுது, பெரிய கட்டைகளைப் பொறுக்கி வெளியேற்றுங்கள். பிறகு ஒரு வாரம் வெயில் காயவிட்டு, இரண்டாம் உழவில் நன்றாக மக்கிய தொழுவுரம் ஏக்கருக்கு 5 டன். மக்காத சாணம் வேண்டாம், செம்மண்ணில் கரையானைக் கூப்பிட்டு வைத்த மாதிரி ஆகும்.

விதை ஏக்கருக்கு உமியோடு 40 முதல் 45 கிலோ. வரிசைக்கு வரிசை 9 அங்குலம், ஆழம் 2 அங்குலம். குட்டை ரகத்தை அதற்குக் கீழே புதைத்தால் முளை மேலே வர முடியாமல் மண்ணுக்குள்ளேயே சுருளும். கொர்ருவில் (குழாய் வைத்த விதைப்புக் கருவி) விதைப்பதாக இருந்தால் உமி விதையின் மீசையைச் சாக்கில் போட்டுத் தேய்த்து உடைத்துவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் குழாயில் சிக்கி 10 அடிக்கு விதையே விழாது, அது முளைத்த பிறகுதான் தெரியும். கொர்ரு இல்லையென்றால் கலப்பைச் சாலில் பின்னாலேயே கையால் போட்டு, லேசாகப் பரம்பு ஓட்டினால் போதும்.

உரம் ஏக்கருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 32:16:16 கிலோ என்று வைத்தால் அடியுரமாக டி.ஏ.பி. 35 கிலோ, பொட்டாஷ் 27 கிலோ, யூரியா 21 கிலோ. மேலுரம் யூரியா 35 கிலோ, 20ஆம் நாள் தண்ணீரோடு. தொழுவுரம் நன்றாகப் போட்டிருந்தால் மேலுரத்தை 25க்குக் குறைத்துவிடுங்கள். தழைச்சத்து கூடினால் அசுவினியும் துரு நோயும் கூடும், வேறு லாபமில்லை.

இப்போது தண்ணீர். விதைத்ததும் ஒன்று. ஓடு கட்டினால் 5ஆம் நாள் லேசாக ஒன்று. அடுத்தது 18 முதல் 21ஆம் நாளுக்குள், இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தவறவிடாதீர்கள். அந்த நாளில் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். விதையிலிருந்து ஒரு மெல்லிய வெள்ளைத் தண்டு மேலே வந்திருக்கும், மண் மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே சின்ன முடிச்சு இருக்கும். அந்த முடிச்சைச் சுற்றி அரிசி நுனி அளவுக்கு வெள்ளையாக வேர் முனைகள் கிளம்பியிருக்கும். இதுதான் செடியைக் கடைசி வரை தாங்கப் போகிற வேர், தூரும் இதே இடத்திலிருந்துதான் வரும். மேல் மண் காய்ந்து கிடந்தால் அந்த முனை அப்படியே கருகி நின்றுவிடும். பிறகு எத்தனை தண்ணீர் விட்டாலும் ஒற்றைத் தண்டோடு நிற்கும் செடிக்குத் தூர் வராது.

அதற்குப் பின் 32–35, 45, 55–60, 70–75 ஆகிய நாட்களில். கடைசித் தண்ணீர் பால் பருவம். அதற்கு மேல் விட்டால் காற்றில் சாயும். ஆக 6 தண்ணீர் உறுதி என்றால் இறங்குங்கள், 4தான் என்றால் வேண்டாம்.

சொட்டுநீர் பற்றி: தக்காளிக்குப் பக்கக் குழாய் 4 அடிக்கு ஒன்றாக இருக்கும். கோதுமை 9 அங்குல வரிசை. குழாயை ஒட்டிய வரிசை நன்றாக இருக்கும், நடு வரிசைகள் காயும். 2 அடிக்கு ஒரு குழாய் போட முடிந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் பாத்தி கட்டி வாய்க்கால் பாசனம்தான். தெளிப்புநீர் ஆகாது என்று இல்லை. காலையில் விட்டு மத்தியானத்துக்குள் இலை காயும்படி பாருங்கள். மாலையில் விட்டால் ராத்திரிப் பனியும் சேர்ந்து இலை விடிய விடிய ஈரமாக இருக்கும், துரு நோய்க்கு அதுதான் வேண்டும்.

---

ராயக்கோட்டை தோட்டம் எழுதியது:

மேலே சொன்னதில் விட்டுப்போனது களை. கோதுமைக்கு 30 நாள் வாக்கில் 2,4-டி அடிக்கலாம் என்று மருந்துக் கடையில் சொல்வார்கள். அகன்ற இலைக் களை சாகும் என்பது உண்மைதான். ஆனால் பாலக்கோடு, ராயக்கோட்டை முழுக்கத் தக்காளி. 2,4-டி சாரல் காற்றில் போனால் பக்கத்துக் காட்டுத் தக்காளியின் குருத்து திருகி, இலை நூல் மாதிரி ஒடுங்கிவிடும், பூ கொட்டும். ஆவியாகவும் நகரும், அதனால் காற்றில்லாத நேரம் பார்த்து அடித்தேன் என்பது போதாது. அடித்த கைத்தெளிப்பானைச் சும்மா அலசிவிட்டு அடுத்த வாரம் தக்காளிக்கு எடுத்தால், மிச்ச மருந்தே போதும் உங்கள் செடியையே கெடுக்க. அவரை, ரோஜாவுக்கும் இதே கதிதான். தயவுசெய்து அந்தப் பக்கம் போக வேண்டாம்.

9 அங்குல வரிசை என்பதால் ஒற்றைச் சக்கரக் கைக்களை வண்டி தாராளமாகப் போகும். 18ஆம் நாள், தண்ணீர் விடுவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு ஓட்டு. 35ஆம் நாள் வாக்கில் வரிசைக்குள் இருப்பதைக் கையால் எடுத்துவிட்டால் பயிரே நிலத்தை மூடிக்கொள்ளும். கோரை உள்ள நிலமென்றால் கோதுமைக்கு முன்பே உழவில் கிழங்கைக் கிளறிக் காயவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

---

மாரண்டஅள்ளி மேட்டுக்காடு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றிங்க. எங்கள் பக்கம் முழுக்கத் தக்காளிதான், 2,4-டி நினைப்பையே விட்டாயிற்று. இன்னும் இரண்டு கேள்வி. மளிகைக் கடையில் விற்கிற சம்பா கோதுமையையே விதையாகப் போடக் கூடாதா? நெல் அறுக்கிற மிஷினையே இதற்கும் விடலாமா?

---

பையூர் பாதை எழுதியது:

கடைக் கோதுமை வேண்டாம் தம்பி. கடைக்கு வருவது உமி நீக்கி, சில சமயம் மேல் தோலும் தேய்த்தது. முளைக்கரு அடிபட்டிருக்கும், 100க்கு 40 முளைத்தாலே அதிகம். அதோடு, சம்பா என்ற பேரில் நீள மணி உள்ள வேறு கோதுமையும் விற்கிறது. ஒரிஜினல் சம்பா மணி சிவந்து, இரண்டு முனையும் கூர்மையாக, முதுகு கொஞ்சம் கூனி இருக்கும். விதை என்று வாங்கினால் உமியோடு வாங்குங்கள். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் இரண்டில் எதில் கேட்டாலும் எங்கிருந்து வரவழைக்கலாம் என்று வழி சொல்வார்கள். ஆவணிக்குள் சொல்லி வையுங்கள், ஐப்பசியில் போய் நின்றால் கிடைக்காது.

எங்கே வாங்கினாலும் முளைப்பு பார்த்துவிட்டு விதையுங்கள். ஈரச் சாக்கில் 100 கொட்டு (உமி மூடிய விதை) வரிசையாக வைத்துச் சுருட்டி, 5 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கொட்டுக்குள் இரண்டு மணி இருக்கும், ஆகவே ஒரு கொட்டில் இரண்டு முளை வருவது இயல்பு. 85 கொட்டாவது முளை காட்ட வேண்டும். 70தான் என்றால் விதையை அந்த விகிதத்துக்கு ஏற்றுங்கள், 50க்குக் கீழே என்றால் தின்பதற்கு எடுத்துவையுங்கள்.

கரிப்பூட்டை நோய் விதையின் உள்ளேயே இருந்து வரும். அது வந்தால் கதிரில் மணி இருக்காது, கருப்புப் பொடிதான். கார்பாக்சின் கிலோ விதைக்கு 2 கிராம் கலந்து விதைத்தால் வராது. வயலில் கண்ணில் பட்டால் கதிரைத் துணிப்பையால் மூடி அறுத்து எரித்துவிடுங்கள். அப்படியே ஆட்டினால் பொடி பறந்து பக்கத்துப் பூவில் இறங்கும், அடுத்த வருட விதை கெடும்.

துரு நோய் கப்லியில் சாதாரணக் கோதுமையை விடக் குறைவு. தண்டுத் துருவுக்கு எதிர்ப்பு வேண்டும் என்று பல நாட்டு ஆராய்ச்சியாளர்களும் இதைத் தாய் வகையாக எடுத்தார்கள். ஆனாலும் நீலகிரியும் பழனி மலையும் துருப் பூஞ்சை வருடம் முழுக்க உயிரோடு தங்கும் இடங்கள், காற்றில் வித்து சமவெளிக்கு வரும் என்று கோதுமைத் துருவை ஆராய்ந்த கே.சி. மேத்தா அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். நாம் அதே தெற்கில்தான் இருக்கிறோம். தை மாதம் கீழ் இலையை விரலால் தடவிப் பாருங்கள். செங்கல் நிறப் பொடி ஒட்டினால் புரோபிகோனசோல் 25 ஈ.சி. 200 மில்லியை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து ஏக்கருக்கு ஒரு தெளிப்பு. மணி முற்றத் தொடங்கிவிட்டால் அடிக்க வேண்டாம், செலவுதான். அறுத்த பிறகு கோடை மழைக்குத் தானாக முளைக்கிற கோதுமையை உழுதுவிடுங்கள், அதில்தான் நோய் தங்கும்.

நடுக்குருத்து காய்ந்தால் இழுத்துப் பாருங்கள். அடி அழுகி நாறினால் குருத்து ஈ, அது தாமதமாக விதைத்த வயலில் அதிகம். உள்ளே குடைந்து கழிவோடு வந்தால் தண்டுப்புழு. இரண்டிலும் காய்ந்த தூரை அடியோடு பிடுங்கி எடுப்பது முதல் வேலை.

அறுவடை: தண்டு முழுக்க வைக்கோல் நிறமாகி, மணியைப் பல்லில் கடித்தால் மெழுகு மாதிரி அமுங்காமல் டக்கென்று உடைய வேண்டும். நெல் மிஷினை விடலாம். ஆனால் கப்லியில் உமி கழலாது, கொட்டு கொட்டாகத்தான் வரும். அது மிஷினின் குறை அல்ல. ஓட்டுநர் உமியோடு வருகிறதே என்று உருளை வேகத்தைக் கூட்டுவார், விடாதீர்கள், மணி இரண்டாக உடையும். கொட்டு கனம் குறைவு, காற்று வேகம் அதிகமென்றால் பதரோடு பின்னால் பறந்துவிடும். முதல் சுற்று முடிந்ததும் இறங்கி, மிஷின் தள்ளிய தாளில் ஒரு கை அள்ளிப் பாருங்கள்.

கையால் அறுப்பதென்றால் விடியற்காலைப் பனி ஈரத்தில் அறுங்கள். மத்தியானம் தொட்டால் கதிர் கணு கணுவாக உடைந்து கொட்டும். ராகி மாதிரி தார் ரோட்டில் போட்டு வண்டி ஏற்ற வேண்டாம். ராகியை நன்றாகப் புடைத்துக் கல் எடுக்கலாம், உமிக்குள் சொருகிய ரோட்டு மணலை எடுக்கவே முடியாது, நேராக ரவையில் வந்து பல்லில் படும்.

---

பென்னாகரம் அரவை எழுதியது:

உமி நீக்கத்துக்கு வருகிறேன். லாபமா நஷ்டமா என்று முடிவாவது இங்கேதான்.

நெல் குத்துகிற பழைய இரும்பு உருளை மில்லில் போடாதீர்கள். உமியோடு தவிடும் போய், பாதி நொய்யாக வரும். சாமை, தினை அரைக்கிற மோதல் வகை உமி நீக்கி தர்மபுரி மாவட்டத்தில் பல இடத்தில் உண்டு. பென்னாகரம் பக்கம் சாமை இருப்பதால் கிடைப்பது சுலபம். அதில் செய்யலாம், ஆனால் சாமைக்கு வைத்த அமைப்பில் வேண்டாம். சல்லடையைப் பெரிய கண்ணுக்கு மாற்றி, வேகத்தைக் குறைத்து முதல் ஓட்டு ஓட்டுங்கள். ஒரே ஓட்டில் எல்லாம் கழல வேண்டும் என்று வேகம் கூட்டினால் கழன்ற மணியும் உடையும். கழன்றதைச் சலித்துப் பிரித்துவிட்டு, கழலாத கொட்டை மட்டும் இரண்டாவது முறை விடுங்கள். ஈரம் 10 முதல் 11 சதவீதம் இருக்கும்படி நன்றாகக் காய்ந்த கோதுமையில்தான் உமி முறுமுறுவென்று விடும். ஈரம் இருந்தால் தோல் மாதிரி வளையும்.

உமியோடு 100 கிலோ போட்டால் மணி 70 முதல் 75 கிலோ. ஏக்கருக்கு உமியோடு 700 கிலோ என்று மட்டும் கணக்கு வையுங்கள், அதிகம் வந்தால் சந்தோஷம். 700க்கு 500 கிலோ மணி, அதில் உடைந்தது தனி. உடைந்ததைக் குறைந்த விலைக்குத் தள்ளாதீர்கள், அது ரவைக்கு அப்படியே ஆகும்.

வீட்டுத் தேவைக்கு மட்டும் என்றால் உரலே போதும். கொட்டின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி, ஒரு மணி நேரம் மூடி வைத்து, உலக்கையால் மெதுவாகக் குத்துங்கள். ஈரத்தில் கொட்டு ஒன்றோடொன்று உரசி உமி பிரியும். முறத்தில் புடைத்து, அன்றே வெயிலில் காயவைக்காவிட்டால் புளிப்பு வாடை வந்துவிடும்.

சேமிப்பில் உமிதான் காவல். வண்டு உமிக்குள் சுலபமாக நுழையாது. ஆகவே முழுவதையும் ஒரே நாளில் உமி நீக்க வேண்டாம், 2 மாதத் தேவைக்கு மட்டும் எடுங்கள். களத்திலேயே 2, 3 நாள் நல்ல வெயில் காட்டி, சூடு ஆறிய பிறகு மூட்டை கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். தரையில் நேராக அடுக்காமல் கட்டை மேல் வையுங்கள்.

ரவைக்கு: உமி நீக்கிய மணி 100 கிலோவுக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீர் தெளித்துப் புரட்டி, ராத்திரி முழுக்க மூடி வையுங்கள். தோல் ஈரம் பிடித்து இழுவையாகும், அரைக்கும்போது பெரிய செதிலாகப் பிரியும், காற்றில் தூற்றினால் போய்விடும். காய்ந்த மணியை அப்படியே அரைத்தால் தோல் பொடியாகி ரவையோடு கலந்து கருப்புப் புள்ளியாக நிற்கும், வாங்குபவர் அழுக்கு என்று நினைப்பார். கல் இடைவெளியை முதலில் அகலமாக வைத்து, சலித்து, தங்கியதை மட்டும் நெருக்கி இன்னொரு முறை.

---

மாரண்டஅள்ளி மேட்டுக்காடு எழுதியது:

நல்ல விவரம். 500 கிலோவில் 100 வீட்டுக்கு என்று வைத்தால், அதை எப்படிப் பயன்படுத்துவது? சப்பாத்தி வருமா? தாள் மாட்டுக்கு ஆகுமா? வீட்டில் சர்க்கரை உள்ளவர்களுக்குத்தான் முக்கியமாகக் கேட்கிறேன்.

---

காரிமங்கலம் அடுப்படி எழுதியது:

சப்பாத்தி வரும் தம்பி, ஆனால் கடை மாவு மாதிரி உப்பாது, ஓரம் வெடிக்கும். இதில் மாவை இழுத்துப் பிடிக்கிற பசை பலம் குறைவு. வெந்நீர் விட்டுப் பிசைந்து, ஈரத் துணி மூடி முக்கால் மணி நேரம் வைத்து, கொஞ்சம் தடியாகவே தேயுங்கள். உடனே தேய்த்தால் தவிடு ஈரம் உறிஞ்சாமல் விரியும். மாவாக அரைத்தால் 3 வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், முளைக்கருவின் எண்ணெய் காறல் வாடை அடிக்கும்.

நம் பக்கத்துக்கு ரொம்பப் பொருத்தம் களி. ராகிக் களிக்கு அரிசி நொய் போடுகிற இடத்தில் இதன் நொய் போடலாம். அரிசி நொய்யை விட வேக நேரம் எடுக்கும், அரை மணி நேரம் முன்னால் ஊறவைத்து, நொய் முழுக்க மலர்ந்த பிறகே ராகி மாவு கொட்ட வேண்டும். அவசரப்பட்டால் களிக்குள் நறநறவென்று நிற்கும். உப்புமாவுக்கு ரவையை வாசனை வரும் வரை வறுத்து, ஒன்றுக்கு மூன்று தண்ணீர், குக்கரில் மூன்று விசில். அல்வாவுக்கு முழு மணியை ராத்திரி முழுக்க ஊறவைத்து ஆட்டி, மூன்று முறை பால் பிழிந்து, 6 மணி நேரம் தெளியவிட்டு மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடிப்பாலை எடுங்கள்.

சர்க்கரை நோய்க்கு: நார் உண்டு, மெதுவாகச் செரிக்கும், அதனால் மைதாவை விட நிச்சயம் மேல். ஆனாலும் இது மாவுச்சத்துதான், சம்பா என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அளவு பழையபடியே இருக்கட்டும், மருந்தை யாரும் நிறுத்த வேண்டாம். கோதுமை ஒவ்வாமை, குளூட்டன் ஆகாது என்று மருத்துவர் சொன்னவர்களுக்கு இதுவும் ஆகாது. பழைய ரகம் என்பதால் ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தாளை முழுசாகப் போட்டால் மாடு ராகித் தட்டு மாதிரி ஆசையாகத் தின்னாது. சின்னதாக நறுக்கி, பச்சைத் தீவனத்தோடு கலந்து போடுங்கள். மீசை உள்ள கதிர்த் துண்டுகளைக் கட்டாயம் நீக்குங்கள், ஈறில் குத்திப் புண்ணாகும்.

---

தளி ரோடு எழுதியது:

ஒன்று மறந்துவிட்டேன். தை மாதம் சுற்றி உள்ள காடெல்லாம் காய்ந்திருக்க, உங்கள் வயல் ஒன்றுதான் பச்சையாக நிற்கும். மீசை இருப்பதால் சிட்டு, கிளித் தொல்லை கொஞ்சம் குறைவு. மயில் முளையிலேயே கொத்தும், விதைத்த முதல் 10 நாள் காவல் வேண்டும். காட்டுப்பன்றி பால் பருவத்தில் வரும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மாதிரி காட்டோரம் என்றால் யானையையும் கணக்கில் வைக்க வேண்டும், அங்கே ஒற்றை வயலாக இதைப் போடச் சொல்ல மாட்டேன். உங்கள் இடம் ஊரை ஒட்டி இருந்தால், முதல் வருடம் 25 சென்ட் மட்டும் போடுங்கள். விதை 11 கிலோ போதும், மீதி 75 சென்ட்டில் கொள்ளு. அந்த 25 சென்ட்டில் விளைந்ததில் நல்ல கதிராகப் பார்த்து 50 கிலோ உமியோடு தனியாக எடுத்துக் காயவைத்தால், அடுத்த ஐப்பசிக்கு ஒரு ஏக்கர் விதை கையில் இருக்கும்.